பொங்காத பால்

அத்தியாயம் 11

குட்டியானை வண்டியின் பின்பலகையை இறக்கிவிட்டு, தனசேகர் பசு செம்பியின் நெற்றியைச் சொறிந்து கொடுத்தான். முதலில் கன்றுக்குட்டி துள்ளி ஏறியது. அதன் பின்னால் செம்பி, பெரிய மனுஷி பஸ் ஏறுகிற மாதிரி, ஒவ்வொரு காலாக நிதானமாக வைத்து ஏறி நின்றது.

கலைமணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கையில் பால் தூக்கு. முகத்தில் சிரிப்பு.

"என்ன கலை, அண்ணன் ஊட்டு விசேஷம்னதும் மூஞ்சி இப்பிடிப் பளபளங்குது?"

"இருக்காதுங்களா பின்ன? இருக்கறது ஒரே அண்ணன். ஊரே வாயப் பொளக்கற மாதிரி ஊடு கட்டியிருக்குது. நான் போயிப் பால் காய்ச்சாம ஆரு காய்ச்சுவா?"

சொல்லிவிட்டுத் தூக்கின் மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். அவள் நினைப்பில் அந்த மூடிக்குக் கீழே இருந்தது அண்ணன் கோகுல்ராஜின் கழுத்து.

போன வாரம் வரை கலைமணிக்கு அண்ணன்மேல் ஒரு குறையும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அயோத்தியாப்பட்டணம் தாண்டி அவனுடைய லாரி கவிழ்ந்தது. கிளீனர் சின்னுசாமியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. "போதையில ஓட்டுனது மாப்ளதான். ஆனா என்ன பண்றது, தங்கச்சி புருஷனாச்சே! நான் கைவிட மாட்டேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நெஞ்சில் அடித்துக்கொண்டான் கோகுல்ராஜ். எல்லோரும் நம்பினார்கள். தனசேகரே நம்பினான். அன்றைக்கு நடந்தது எதுவும் அவன் நினைவில் இல்லை. கண் விழித்தபோது மச்சான் என்ன சொன்னானோ, அதுதான் நடந்தது என்று எடுத்துக்கொண்டான். லைசென்ஸ் போயிற்று. கேஸும் அவன் பெயரில்தான். அதற்கப்புறம் குடித்தானே, அது வேறு குடி. செத்துத் தொலைய வேண்டும் என்று குடித்த குடி.

போன வாரம் சின்னுசாமி தொழுவத்துக்கு வந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கலைமணியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"வண்டிய ஓட்டுனது உங்க அண்ணனுங்கக்கா. தனசேகரண்ணன் பொறத்தால படுத்துக் கெடந்தாருங்க. அவரு லாரிப் பட்டறையில வாட்ச்மேன் வேலை போட்டுக் குடுத்து என் வாய அடைச்சுட்டாரு கோகுலண்ணன். நானும் இருந்துட்டேன். ஆனா அந்தப் பால் எனக்குச் செமிக்கலைங்கக்கா."

எந்தப் பால் என்று கலைமணி கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். செம்பி வந்த நாளிலிருந்து, காலையில் கறந்த முதல் லிட்டரைத் தனசேகர் சின்னுசாமி வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவான். ஒரு வார்த்தை பேச மாட்டான். வெட்டுப்பட்ட காலைப் பார்க்க மாட்டான். வைத்துவிட்டுத் திரும்பி விடுவான்.

அந்தத் தூக்கை ஒவ்வொரு நாளும் கழுவிக் கொடுப்பது கலைமணி.

இந்த ஒரு வாரமாக அவள் புருஷனிடம் மூச்சு விடவில்லை. அவள் சொன்னால் அவன் நம்பமாட்டான், ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று சிரிப்பான். அது கோகுல்ராஜின் வாயிலிருந்து வர வேண்டும். அவன் பெருமையாகக் கட்டிய வீட்டுக்குள், அவன் கூப்பிட்ட சொந்தக்காரர்கள் நடுவில், பல்லிடுக்கில் நோண்டி எடுக்கிற மாதிரி அவள் எடுக்க வேண்டும்.

"கிரகப்பிரவேசத்துக்கு உன் மாட்டைத்தான் கண்ணு கொண்டாரோணும். செவலை மாடு, கிடேரிக் கன்னு, சுழி சுத்தம். சுத்துப்பட்டுல அந்த மாதிரி வேற இல்லைன்னு ஐயர் சொல்லிப்புட்டாரு" என்று அண்ணி வசந்தாமணி போனில் கேட்டபோது, கலைமணி வாய் நிறையச் சொன்னாள்:

"கேக்கோணுமாங்க அண்ணி? உங்க மாடுங்க அது."

*

செம்பியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தனசேகர் சேர்ந்திருந்த குடிபோதை மீட்பு மையத்தில் தனப்பிரியா என்று ஒரு ஆலோசகர். வீட்டுக்கு அனுப்புகிற அன்று கலைமணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "புத்திமதி ஒண்ணும் சொல்லாதீங்க. இவர் போகலேன்னா நின்னுபோற மாதிரி ஒரு வேலைய இவர் கையில குடுங்க. லீவே இல்லாத வேலையா பாருங்க. பெரிய அதிர்ச்சி எதையும் திடீர்னு தலையில போடாதீங்க."

தனசேகர் சந்தைக்குப் போய்ச் செம்பியைப் பிடித்து வந்தான். முன்பு வைத்திருந்தவன் குடித்துவிட்டு வந்து கயிற்றாலேயே விளாசுவானாம். முதுகில் வரிவரியாகத் தழும்பு. யாரையும் கிட்டே விடாத மாடு, எதனாலோ இவன் கைக்கு மட்டும் பழகியது. இவன் உட்கார்ந்தால்தான் பால் விடும். கலைமணி உட்கார்ந்தால் உதை.

இரண்டாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில் தனசேகர் தடுமாறினான். ரகசியமாகத்தான் குடித்தான். சாயங்காலம் கறக்கப் போனபோது செம்பி மூக்கை விரித்தது. இரண்டடி பின்னால் போனது. உடம்பெல்லாம் நடுங்கியது. ஒரு சொட்டு விடவில்லை. மறுநாளும் விடவில்லை. மடி கல் மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது. மாட்டு டாக்டர் வந்து, "இன்னும் ஒரு வேளை இப்படியே விட்டா மடியே போயிரும்" என்றார். தனசேகர் தொட்டித் தண்ணீரில் தலையோடு குளித்து, மண்ணைத் தேய்த்துக் குளித்து, மாட்டின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்று இருட்டுவதற்குள் செம்பி அவன் பிடரியை ஒரு தடவை நக்கியது. பால் விட்டது.

அதற்கப்புறம் அவன் தொடவில்லை. வருஷம் ஒன்று தாண்டிவிட்டது.

இந்த விஷயம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு பேரும் சொல்லவில்லை. கோகுல்ராஜுக்கும் தெரியாது.

கலைமணி ஒரு வாரமாகப் பூட்டி வைத்திருந்த ஆயுதம் இதுதான்.

*

ராசிபுரம் பைபாஸ் ஓரத்தில் மூன்று மாடி. முகப்பில் வாழை மரம், சீரியல் லைட், மேலே வட்டமடிக்கிற டிரோன் கேமரா. இன்னும் வெயில் ஏறவில்லை. பந்தலில் சொந்தக்காரர்கள் காப்பி டம்ளரோடு நிறைந்திருந்தார்கள்.

"வா அம்மணி, வா மாப்ள!" கோகுல்ராஜ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்கு விபூதி, கழுத்து முழுக்கச் சந்தனம். வாயில் ஏலக்காயைப் போட்டு மென்றுகொண்டே இருந்தான். கண் மட்டும் கோவைப்பழம்.

"தூங்கலைங்களாண்ணா?" என்றாள் கலைமணி, அக்கறையாக.

"எங்க சாமி தூங்கறது? லாரிக்காரப் பசங்க அத்தனை பேரும் மாடியில. வந்தவங்களக் கவனிக்கோணுமல்ல?"

கவனித்திருக்கிறான். விடியும்வரை கவனித்திருக்கிறான். கண் எரிச்சலுக்கு விடிகாலையிலும் ஒரு வாய் போட்டிருக்கிறான். கலைமணியின் மனசுக்குள் ஒரு சின்ன மணி அடித்தது. கோவில் மணி மாதிரி இனிமையான மணி.

பந்தலின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், சின்னுசாமி உட்கார்ந்திருந்தான். கலைமணியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாட்டை ஓட்டிட்டு வாங்க! நேரமாச்சு!" என்று ஐயர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

தனசேகர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். கலைமணி குறுக்கே போனாள்.

"ஏனுங்க, நீங்க எதுக்கு? ஊட்டுக்காரர் கையில கயிறு இருந்தாத்தான மகாலட்சுமிய அவரே கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கும். என்னுங்க அண்ணி, நான் சொல்றது?"

"அட ஆமா!" வசந்தாமணிக்கு வாயெல்லாம் பல். "இத பாருங்க, நீங்க புடிங்க. வீடியோவுலயும் நல்லா இருக்கும்."

தனசேகர் கயிற்றை விடவில்லை. மச்சானுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. வருஷக்கணக்கில் குடித்தவன் மூக்கு, ஏலக்காய்க்கெல்லாம் ஏமாறாது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"வேண்டாங் கலை. நானே புடிச்சுக்கறேன்" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நல்ல நாள்ல குறுக்க பேசாதீங்க."

"வேணும்னே பண்றயா?"

"என்னத்த?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவன் விரல்களைப் பிரித்துக் கயிற்றை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தாள். தன் கையாலேயே கொடுத்தாள்.

*

கோகுல்ராஜ் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தான். கன்றுக்குட்டி ஒரே தாவில் வாசற்படியேறி உள்ளே போய்விட்டது. செம்பி போகவில்லை.

மூக்கு விரிந்தது. காது பின்னால் மடிந்தது. முன்னங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி நின்றது.

"வா... வா தாயி..." கோகுல்ராஜ் இன்னும் கிட்டே போய் அதன் கழுத்தைத் தட்டினான். செம்பி சிலிர்த்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனது.

"அண்ணா, இன்னொருக்கா இழுங்க. சிரிச்ச மாதிரியே இழுங்க" என்றான் வீடியோக்காரன்.

"மாட்டுக்கு டைல்ஸ் புடிக்கலையாட்ட இருக்குது" என்று பந்தலில் ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேர் சிரிக்கவில்லை. பசு வாசற்படி ஏறாத வீடு என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். வசந்தாமணி ஆரத்தித் தட்டோடு ஐயரை எட்டிப் பார்த்தாள்.

கோகுல்ராஜுக்கு வியர்த்தது. பலமாக இழுத்தான். கயிறு விறைத்தது, மாடு நகரவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சமாளித்துச் சிரித்தான்.

"என்ன பண்றது! குடிகாரன் வளத்த மாடு. அதுக்கும் காலையிலயே தள்ளாடுதாட்ட!"

பந்தல் முழுக்கச் சிரித்தது. தனசேகர் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையைக் கலைமணி பார்த்தாள். இரண்டு வருஷமாகக் குனிந்தே இருக்கிற தலை.

இது போதும் அவளுக்கு.

"அண்ணா," என்றாள். "ஊது."

"என்னது?"

"ரோட்டுல போலீஸ்காரன் நிறுத்தி ஊதச் சொல்லுவானல்ல, அந்த மாதிரி ஊது. பெரியப்பா மூஞ்சிக்கு நேரா ஊது."

சிரிப்பு அப்படியே நின்றது.

"கலை! விசேஷ ஊட்டுல என்ன பேச்சு இது?"

"இந்த மாட்டை ஒரு குடிகாரன் அடிச்சு வெச்சிருந்தானுங்க பெரியப்பா. சாராய வாசம் வந்தா ஒரு அடி நகராது. எங்க ஊட்டுக்காரர் கைக்கு ஒரு வருஷமா வருது, போகுது. இவரு கைக்கு ஏன் வர மாட்டீங்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

பெரியப்பா பெரியசாமி எழுந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் எழுந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்து, கோகுல்ராஜின் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுபோனார். கோகுல்ராஜ் மூச்சை அடக்கினான். பெரியப்பாவும் விடாமல் நின்றார். எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

"ஏலக்காய் இருக்குது," என்றார் பெரியப்பா, திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து. "அதுக்கு அடியில இன்னொன்னும் இருக்குது. த்தூ! பால் காய்ச்சற அன்னைக்குமாடா?"

வசந்தாமணி முகத்தை மூடிக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ, "மாப்ளையச் சொன்னானே, அந்த வாய்தான் நாறுது" என்றார்கள். வீடியோக்காரன் கேமராவை அணைக்க மறந்து போனான்.

கலைமணிக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. சொந்த அண்ணனின் முகம் கறுத்துச் சுருங்குவதைப் பார்க்க இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை.

தனசேகர் பேசாமல் வந்து மச்சான் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டான். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க மச்சான்" என்றான், மரியாதையாக. செம்பியின் காதுக்குள் ஏதோ முணுமுணுத்தான். செம்பி ஒரு பெருமூச்சு விட்டு, வலது காலை எடுத்து வைத்து, புது வீட்டுக்குள் ஏறியது. கூடத்தின் நடுவில் போய்ச் சாணியும் போட்டது.

"சாணி போட்டுருச்சு! சாணி போட்டுருச்சு!" என்று பெண்கள் கை தட்டினார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

இதோடு விட்டிருக்கலாம். பெரியப்பாவே சொன்னார்: "போதும் அம்மணி. போயிப் பால வை."

ஆனால் இது பாதிதான். மீதிப் பாதி சமையலறையில் இருந்தது.

*

கருப்புக் கிரானைட் மேடை. புது அடுப்பு. மஞ்சள் கொத்துக் கட்டிய பித்தளைப் பாத்திரத்தில் செம்பியின் பால். சுற்றிலும் பெண்கள் குத்துவிளக்கு மாதிரி நின்றார்கள். கூடப் பிறந்தவள் காய்ச்சிய பால் பொங்கி வழிந்தால்தான் வீடு நிறைந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் பந்தி.

பால் விளிம்பில் நுரை கட்டியது. நுரை எழும்பியது. "இதா... இதா..." என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

கலைமணி கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

நுரை பொசுக்கென்று உட்கார்ந்தது.

"என்ன கண்ணு, கேஸ் தீந்துருச்சா?" வசந்தாமணி பதறினாள்.

"இல்லீங்க அண்ணி. நான்தான் அணைச்சேன்."

"ஏஞ் சாமி? சீர்ல ஏதாச்சும் கொறையா? பட்டு எடுத்து வெச்சிருக்குது, வெள்ளி வெளக்கு வெச்சிருக்குது..."

"சீர் ஒண்ணும் வேண்டாங்க. அண்ணன வரச் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். பத்த வெக்கறேன்."

கோகுல்ராஜ் வந்தான். முகம் கழுவியிருந்தான், விபூதி கரைந்து கன்னத்தில் வழிந்திருந்தது. பெண்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினான்.

"இன்னும் என்னடி வேணும் உனக்கு? மானம் போச்சு. மீதி என்ன இருக்குது?"

"அன்னைக்கு வண்டி ஓட்டுனது ஆருன்னு அவர்கிட்டச் சொல்லு."

அவன் கண் ஜன்னல் பக்கம், பந்தல் ஓரத்து நாற்காலிப் பக்கம் போயிற்று.

"அந்த நொண்டி உளறிட்டானா?"

"நொண்டியாக்குனது ஆரு? நீ!"

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். சத்தமா வேணும்னா கதவத் தொறந்துட்டுப் பேசட்டுமா? இல்ல, நீ அவர இங்க கூப்புட்டுச் சொல்றயா? நல்ல நேரம் முடியறதுக்குள்ள முடிவு பண்ணு. பொங்காத பால வெச்சுட்டு நான் வண்டியேறிப் போயிட்டே இருப்பேன். அந்த ஊட்டுல தங்கச்சி பால் பொங்க உடலைன்னு நீ சாகற வரைக்கும் பேசுவாங்க."

கோகுல்ராஜ் அவளையே பார்த்தான். பிறகு அவன் குரல் மாறியது. சின்ன வயதில் அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்த குரல்.

"கண்ணு, நான் கெட்டவன்தான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு யோசி. அது தெரிஞ்சா உன் புருஷன் என்ன ஆவான்? இன்னைக்குச் சாயங்காலமே கடையில நிப்பான். எனக்குத் தெரியும் அவன. நான் சொல்றது அவனுக்கு மருந்தில்ல. சரக்கு."

தனப்பிரியாவின் முகம் கலைமணியின் கண்முன் வந்தது. பெரிய அதிர்ச்சி எதையும் திடீர்னு தலையில போடாதீங்க. ஒரு கணம் அவள் விரல் அடுப்பின் குமிழுக்குப் போயிற்று. திருப்பிவிடலாம். பொங்கிவிடும். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். வீட்டில், தொழுவத்தில், மெதுவாக, அவன் கறந்து முடித்து எழுந்த பிறகு, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜன்னல் வழியாக மாடியிலிருந்து லாரிக்காரர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. 'குடிகாரன் வளத்த மாடு' என்று ஒருவன் சொல்லிக் காட்ட, இன்னொருவன் கனைத்தான்.

அவள் விரலை எடுத்துவிட்டாள்.

"அவர நான் பாத்துக்கறேன். நீ கூப்புடு."

*

தனசேகர் உள்ளே வந்தபோது கையில் பாதி வாழைப்பழம் இருந்தது. செம்பிக்குக் கொடுத்த மீதி. "என்ன மச்சான், கூப்புட்டீங்களாம்?" என்றான். அவன் பின்னாலேயே வசந்தாமணியும் பெரியப்பாவும் வந்துவிட்டார்கள். கதவைச் சாத்த முடியவில்லை.

கோகுல்ராஜ் கிரானைட் மேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மாப்ள... அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நான். நீ பொறத்தால தூங்கிட்டிருந்த."

வசந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கலைமணி புருஷனின் முகத்தையே பார்த்தாள். இந்த ஒரு நொடிக்காக ஒரு வாரம் காத்திருந்தாள். அவன் மச்சான் சட்டையைப் பிடிப்பான், ஓங்கி ஒரு அறை விடுவான், இரண்டு வருஷத்துக்குப் பிறகு தலையை நிமிர்த்துவான் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

தனசேகர் வாழைப்பழத்தைப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்தான். நசுங்காமல், பத்திரமாக வைத்தான்.

"சின்னுசாமிக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான் கோகுல்ராஜ்.

தனசேகர் திரும்பினான். "உனக்கு?"

"போன வாரந்தானுங்க... அவன்தான் தொழுவத்துக்கு வந்து..."

"போன வாரமா?"

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இந்த ஒரு வாரமும் அந்தத் தூக்கக் கழுவி என் கையில குடுத்தயே கலை. நான் தெனமும் கொண்டுபோயி அவன் வாசல்ல வெச்சுட்டு, மன்னிச்சுருடா சின்னுசாமின்னு மனசுக்குள்ள சொல்லிட்டு வந்தனே. பாத்துட்டே இருந்தயா?"

"இல்லீங்க, நான் இன்னைக்காகத்தான்... இவன் வாயால வரோணும்னு..."

"உனக்கு உங்க அண்ணன் தலை குனியோணும். அதுக்கு நான் இன்னொரு வாரம் குனிஞ்சு நின்னா என்ன?"

அவன் வெளியே போனான். கூடத்தில் செம்பி அவனைப் பார்த்துத் தலையைத் தூக்கியது. அவன் நிற்கவில்லை. பந்தல் ஓரத்தில் சின்னுசாமி எழுந்திருக்க முயன்று நாற்காலியோடு சாய்ந்தான். அவனையும் பார்க்கவில்லை. வாழை மரத்தைத் தாண்டி, பைபாஸ் ரோட்டில் இறங்கி, சேலம் பஸ் நிற்கிற திசையில் நடந்தான்.

"பால்..." என்று வசந்தாமணி தரையிலிருந்து ஈனமாகச் சொன்னாள்.

கலைமணி அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கியது. நாலு பக்கமும் பொங்கி வழிந்து, கிரானைட் மேடையில் ஓடி, தரையில் சொட்டியது. யாரும் கை தட்டவில்லை.

கோகுல்ராஜ் மட்டும் அவள் காதருகே குனிந்தான். ஏலக்காய் வாசம் இப்போது இல்லை; மற்றது மட்டும் இருந்தது.

"நான் சொன்னேன். நீ கேக்கல."

*

குட்டியானை டிரைவரும் அவளுமாகச் செம்பியைக் கொண்டுவந்து தொழுவத்தில் கட்டினார்கள். தனசேகரின் போன் அணைந்தே இருந்தது. தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டுப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்றார் ஒருவர். டாஸ்மாக் ரோட்டில் பார்த்த மாதிரி இருந்தது என்றார் இன்னொருவர். ஆனால் சத்தியமாகச் சொல்ல முடியாது என்றார். தனப்பிரியாவைக் கூப்பிட்டபோது, "கறக்கற நேரம் வரைக்கும் பாருங்க" என்றார்.

வெயில் சாய்ந்தது. கறக்கிற நேரம் வந்தது.

செம்பி ரோட்டையே பார்த்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. மடி புடைத்து விட்டது. கன்றை அவிழ்த்துவிட்டாள், புது இடத்துக்குப் போய்வந்த மிரட்சியோ என்னவோ, அதையும் முட்டித் தள்ளியது. கலைமணி குவளையை எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்து பார்த்தாள். ஒரே உதை. குவளை உருண்டு சாணிக் குழியில் விழுந்தது. பட்டுச்சேலை முழுக்கச் சேறு. அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது! அண்ணன் முகம் கறுத்ததை மறுபடி நினைத்துப் பார்த்தாள், அந்தச் சுகம் கொஞ்சமாவது மிச்சமிருக்கிறதா என்று. தூக்கைக் கழுவுகிற தன் கைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

செம்பி கத்துவதைச் சட்டென்று நிறுத்தியது.

ரோட்டிலிருந்து வண்டித்தடத்தில் ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். தனசேகர்தான். நடையில் தள்ளாட்டம் இல்லை. ஆனால் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். துண்டில் சிவப்பு ஊறியிருந்தது.

"ஐயோ, கையில என்னங்க ஆச்சு? ஆரு அடிச்சா? நீங்க ஆரையாவது..."

அவன் தொழுவத்து வாசலில் வந்து நின்றான். மாட்டின் மடியைப் பார்த்தான். உருண்டு கிடந்த குவளையை இடது கையால் எடுத்துத் துடைத்தான்.

காற்று அவன் பக்கமிருந்து வீசியது. அந்த வாசம் கலைமணிக்கும் வந்தது.

சட்டையிலிருந்தா, வாயிலிருந்தா?

செம்பியின் மூக்கு விரிந்தது. காது பின்னால் மடிந்தது. ஒரு அடி பின்னால் வைத்தது.

தனசேகர் அதைப் பார்த்தான். பிறகு கலைமணியைப் பார்த்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன பாக்கற? காலையில நூறு பேருக்கு முன்னால உங்க அண்ணனக் கேட்டயல்ல? என்னையும் கேளு."

கலைமணி வாயைத் திறந்தாள். 'ஊது' என்கிற ஒரே ஒரு வார்த்தைதான். காலையில் எவ்வளவு சுலபமாக வந்தது!

"கேளு கலை," என்றான் அவன். "மாட்டுக்கு மடி வலிக்குது. சீக்கிரம் கேளு."